குருக்கத்தி: மல்லிகைக்குக் கத்தரி எடுக்கும் மாதத்தில் இதைத் தொடாதீர்கள்

மதுரையில் பூச்செடி என்றாலே எல்லார் கையும் மல்லிகைக் கணக்கில்தான் ஓடும். நவம்பர் கடைசி வாரத்தில் மல்லியை முழங்கால் உயரத்துக்கு மொட்டையடிப்பார்கள். அதே கத்தரியோடு, பக்கத்துப் பந்தலில் கிடக்கும் குருக்கத்தியையும் ஒரு கை பார்த்துவிடுவார்கள். மல்லி மாசியில் துளிர்த்து மொட்டு வைத்துவிடும். குருக்கத்தி அந்த வருஷம் வெறும் இலையாக நிற்கும். அடுத்த நவம்பரிலும் அதே வெட்டு. மூன்றாவது வருஷம் "இது மலட்டுக் கொடி" என்று பேர் வாங்கி அடியோடு வெட்டுப்படும்.

கொடிமேல் ஒரு குற்றமும் கிடையாது. மல்லிகை வெட்டிய பிறகு வரும் புதுத் துளிரில் பூக்கிற செடி. குருக்கத்தி அப்படி இல்லை. ஆடியிலிருந்து ஐப்பசி வரை வளர்ந்து, மார்கழிப் பனியில் முற்றி நிற்கும் கிளையின் நுனியிலும் நுனியை ஒட்டிய இலைக் கக்கங்களிலும்தான் அது தை, மாசியில் பூங்கொத்து விடும். நவம்பரில் நுனியைக் கழித்தால் வரப்போகிற பூ அத்தனையும் குப்பைக் கூடைக்குப் போகிறது. இந்த ஒரு விஷயத்தை மனதில் வைத்துக்கொண்டால் மீதி எல்லாம் சமாளிக்கக்கூடியதே.

எது குருக்கத்தி

மாதவி என்பதும் இதேதான். சங்கப் பாட்டுகளில் வரும் குருக்கத்தி. தாவரப் பெயர் ஹிப்டேஜ் பெங்காலென்சிஸ். மேற்குத் தொடர்ச்சி மலையின் ஈரக் காடுகளிலும் ஓடைக் கரைகளிலும் தானாக வளர்கிற நம் மண்ணின் கொடி. கொடி என்று சொல்கிறோமே தவிர, ஏறத் தெரிந்த மரம் என்று நினைத்துக்கொள்வதே நல்லது. பாகற்கொடி மாதிரி பற்றுக்கம்பி இதற்குக் கிடையாது. தண்டாலேயே சுற்றி, கிளைமேல் கிளையைச் சாய்த்து மேலே போகும். காட்டில் பெரிய மரங்களின் தலை வரைக்கும் போய்விடும். வீட்டில் பதினைந்து, இருபது அடியோடு நிறுத்திவிடலாம். அடித்தண்டு வருஷத்துக்கு வருஷம் பருத்து, கட்டை ஆகிவிடும்.

நர்சரியில் "மாதவி" என்று கேட்டால் பல இடங்களில் ரங்கூன் மல்லியைத் தூக்கிக் கொடுப்பார்கள். வடக்கே பல ஊர்களில் ரங்கூன் மல்லிக்கும் மாதவி என்ற பெயர் ஒட்டிக்கொண்டதால் வந்த குழப்பம் இது. பூ இருந்தால் குழம்பவே வேண்டாம். ரங்கூன் மல்லிக்கு விரல் நீளத்துக்குக் குழல். மாலையில் வெள்ளையாக விரிந்து, ரோஸாகி, சிவந்து போகும். குருக்கத்திப் பூவுக்குக் குழலே இல்லை. ஐந்து இதழ், வெள்ளையில் லேசாக ரோஸ் ஏறியது, ஓரம் முழுக்க நுணுக்கமாகக் கிழித்துவிட்ட குஞ்சம் மாதிரி இருக்கும். இதழ்கள் விரிந்த கையோடு பின்னால் மடங்கிவிடும். ஐந்தில் ஒன்று மட்டும் தனித்துத் தெரியும். அதன் நடுவில் மஞ்சள் பூசியிருக்கும். மகரந்தத் தண்டு பத்து, அதில் ஒன்று மட்டும் மற்றவற்றைவிட நீளமாக வளைந்து வெளியே நிற்கும். ஒரு கொத்தைக் கையில் எடுத்து உற்றுப் பாருங்கள்: சூல்தண்டு சில பூவில் இடப்பக்கம் சாய்ந்திருக்கும், சில பூவில் வலப்பக்கம். கண்ணாடியில் தெரியும் பிம்பம் மாதிரி இரண்டு வகைப் பூ ஒரே கொடியில். பூக்காம்பை ஒட்டி, புல்லிவட்டத்தின் வெளிப்புறத்தில் பெரிதாக ஒரே ஒரு சுரப்பி தெரியும். இவ்வளவும் பொருந்தினால் சந்தேகமே வேண்டாம்.

பூக்காத சின்னக் கன்றாக இருந்தால் இலையைப் பாருங்கள். குருக்கத்தி இலை எதிரெதிராக, தடித்து, தோல் போல இருக்கும்; கிட்டத்தட்ட ஒரு சாண் நீளம் வரை வரும். தளிர் வெளிர் சிவப்பில், மெல்லிய ரோமத்தோடு இருக்கும். இலையின் அடிப்பக்கத்தில், காம்பு சேரும் இடத்தில், பெரும்பாலும் இரண்டு சின்னச் சுரப்பிப் புள்ளிகள் இருக்கும். ரங்கூன் மல்லி இலை மெல்லியது. இலை உதிர்ந்த பிறகு காம்பின் அடி தண்டிலேயே தங்கி முள்ளாகக் கையைக் கீறும். தண்டைத் தடவிப் பார்த்தாலே தெரிந்துவிடும்.

மலைக்குப் போனபோது கண்ணில் பட்டது என்று அழகர்மலையிலிருந்தோ சிறுமலையிலிருந்தோ எதையும் பிடுங்கி வர வேண்டாம். காப்புக்காட்டில் செடி பிடுங்குவது சட்டப்படி குற்றம். அதைவிட, பிடுங்கிய காட்டுக்கொடி பிழைப்பதும் அரிது.

பந்தல் முதலில், குழி அப்புறம்

பெரும்பாலானவர்கள் கன்றை நட்டுவிட்டு, அது இரண்டு ஆள் உயரம் போன பிறகுதான் பந்தலைப் பற்றி யோசிக்கிறார்கள். அதற்குள் அது ஜன்னல் கிரில்லைப் பிடித்திருக்கும், ஏசி அவுட்டோர் யூனிட்டின் பின்னால் போயிருக்கும், ஓட்டு வீடாக இருந்தால் ஓட்டுக்கு அடியில் தலையை நுழைத்திருக்கும். கட்டையாகி விட்ட தண்டைப் பிரித்தெடுக்கும்போது கிரில்லும் வளையும், கொடியும் முறியும். அதனால் பந்தலைப் போட்டுவிட்டு, பிறகு குழி எடுங்கள்.

மூங்கில் பந்தல் இதற்கு வேண்டாம். நம் ஊரில் மூங்கில் இரண்டு, மூன்று வருஷத்தில் அடி இற்றுவிடும். அந்த நேரத்தில்தான் கொடி கனக்க ஆரம்பிக்கும். குருக்கத்தி எந்த மாதமும் இலை முழுக்கக் கொட்டாத கொடி. ஐப்பசி மழையில் நனைந்து கனக்கும்போதும் சரி, ஆடிக் காற்று தள்ளும்போதும் சரி, அத்தனை இலைப் பாரமும் கால்களில்தான் இறங்கும். எனக்கு ரொம்பப் பிடித்தது கல்கால். கம்பம் பள்ளத்தாக்கில் திராட்சைப் பந்தலுக்கு நிறுத்துகிறார்களே, அதே கல்தூண்தான். பத்தடிக் கல்லை இரண்டடி மண்ணில் புதைத்தால் எட்டடி உயரம் கிடைக்கும். தலைக்கு மேல் பூங்கொத்து தொங்கியபடி நடக்க அந்த உயரம் வேண்டும். கல் கிடைக்காவிட்டால் இரண்டு இஞ்ச் ஜிஐ பைப். சிமென்ட், மணல், ஜல்லி ஒன்றுக்கு இரண்டுக்கு நாலு கலவையில் கான்கிரீட் போட்டு இரண்டடி ஆழம் இறக்கவும். கால்களுக்கு நடுவே எட்டடிக்கு மேல் போக வேண்டாம். மேலே சட்டத்துக்கு ஒன்றரை இஞ்ச் பைப், அதற்குக் குறுக்கே ஒன்றரை அடிக்கு ஒன்றாகப் பத்து கேஜ் ஜிஐ கம்பி, முறுக்கி இழுத்துக் கட்ட வேண்டும். தளர்வாகக் கட்டினால் கம்பி தொய்ந்த இடத்திலெல்லாம் கொடி குவிந்து, அடியில் வெளிச்சமே விழாமல், நடுவில் காய்ந்த குச்சியாக நிற்கும்.

சுவரை ஒட்டி ஏற்றுவதானால் சுவருக்கும் பந்தலுக்கும் இரண்டடி இடைவெளி விடுங்கள். திருநகர், நாகமலை பக்கம் மேற்குப் பார்த்த வீடுகளில் பிற்பகல் வெயில் சுவரைச் சுட்டுப் போடுவதை அங்கே இருப்பவர்களுக்குச் சொல்லத் தேவையில்லை. இடைவெளி விட்டு ஒரு பச்சைத் திரை நின்றால் சுவர் நிழலில் இருக்கும், நடுவில் காற்றும் ஓடும், பெயின்ட் அடிக்க வேண்டிய வருஷம் ஆளும் உள்ளே போய் வர முடியும். சுவரோடு ஒட்டிவிட்டால் ஈரம் தங்கும், கரையானுக்கும் வசதியாகிவிடும்.

மின்கம்பி போகும் பக்கம் நடவே கூடாது. பக்கத்தில் மா, வேம்பு ஏதாவது நின்றால் குறைந்தது பதினைந்து அடி தள்ளுங்கள். ஏறவிட்டால் இரண்டு மழைக்காலத்தில் மரத்தின் தலையை மூடிவிடும். அடியில் மாங்கிளை வெளிச்சமில்லாமல் காயும்.

முழு வெயில் படும் இடமே சரி. அரை நிழலில் வளரும், ஆனால் பூ கொஞ்சம்தான்.

நடவு

இரண்டடிக்கு இரண்டடி, ஆழமும் இரண்டடி. எடுத்த மண்ணோடு நன்றாக மக்கிய தொழு உரம் பத்துக் கிலோ, வேப்பம்புண்ணாக்கு அரைக் கிலோ கலந்து மூடவும். அழகர்கோவில் ரோட்டுப் பக்கச் செம்மண்ணாக இருந்தால் இதுவே போதும். திருமங்கலம் பக்கம் போல கரிசலாக இருந்தால் கால்பங்கு ஆற்று மணலும் சேர்த்து, நடும் இடத்தைத் தரையைவிட அரையடி மேடாக்குங்கள். மழையில் கரிசல் தண்ணீரைப் பிடித்து வைக்கும். கன்றின் கழுத்து அழுகுவது அங்கேதான்.

ஆடி கடைசியிலிருந்து புரட்டாசிக்குள் நட்டுவிட வேண்டும். வடகிழக்குப் பருவமழை வருவதற்குள் வேர் பிடித்திருந்தால் முதல் கோடையைத் தாங்கும். தை, மாசியில் நர்சரியில் பூவோடு பார்த்து ஆசைப்பட்டு வாங்கி நடுவது வீண் வேலை. பங்குனி வெயிலில் தினமும் இரண்டு வேளை தண்ணீர் ஊற்றினாலும் இலை கருகும். அந்த மாதத்தில் வாங்கினால் பையோடு நிழலில் வைத்திருந்து ஆடியில் நடுங்கள்.

பந்தல் காலை ஒட்டி நடாமல் ஒன்றரை அடி தள்ளி நடவும். காலைச் சுற்றிக்கொண்டு ஏறவிடுவதுதான் அடுத்த பெரிய தப்பு. பார்க்க அழகாக இருக்கும்; ஐந்தாறு வருஷத்தில் தண்டு பருத்து, தன்னையும் இறுக்கி, பைப்பையும் வளைக்கும். ஒரே ஒரு நல்ல தண்டைத் தேர்ந்தெடுத்து, நேராக, காலுக்கு இணையாக மேலே கொண்டுபோங்கள். ஒன்றரை அடிக்கு ஒரு கட்டு. சணல் கயிறு அல்லது வாழைநார், எட்டு வடிவில், விரல் நுழையும் அளவுக்குத் தளர்வாக. பிளாஸ்டிக் கயிறும் கட்டுக்கம்பியும் வேண்டவே வேண்டாம். கட்டை பருக்கும்போது அவை தோலுக்குள் புதைந்து, கட்டுக்கு மேலே இருப்பதெல்லாம் ஒரு கோடையில் காய்ந்துபோகும். கீழே தோண்டிப் பார்த்துக்கொண்டிருப்பார்கள், கோளாறு மேலே கட்டில் இருக்கும்.

அடியிலும் பக்கத்திலும் வரும் கிளையை எல்லாம் கிள்ளிவிடுங்கள். தண்டு பந்தல் கம்பியைத் தாண்டி ஒரு சாண் போனதும் நுனியைக் கிள்ளினால் மூன்று, நான்கு கிளை உடைக்கும். அவற்றைக் குடைக் கம்பி மாதிரி ஆளுக்கொரு திசையில் இழுத்துக் கட்ட வேண்டும். இரண்டு கிளையை ஒரே பக்கம் விட்டால் ஒன்றை ஒன்று முறுக்கிக்கொள்ளும், பிறகு எதை வெட்டுவது என்றே தெரியாது.

கவாத்து

பூ பங்குனியில் ஓயும். சித்திரைத் திருவிழாவை வைத்து நாள் குறித்துக்கொள்வது எளிது: கொடியேற்றத்துக்கு முன்பே பூத்து முடிந்த கொத்துகளைக் கழிக்க ஆரம்பித்து, அழகர் மலைக்குத் திரும்புவதற்குள் முடித்துவிடுங்கள். பூத்த கிளை ஒவ்வொன்றையும் பின்னால் போய், அடியில் நான்கைந்து கணு மட்டும் விட்டு, ஒரு ஜோடி இலைக்கு மேலே வெட்டவும். காய்ந்தது, உள்பக்கமாகத் திரும்பி வளர்வது, தொங்கிக்கொண்டு தரையைத் தொடுவது எல்லாம் அடியோடு போகட்டும். பென்சில் பருமனுக்குக் கவாத்துக் கத்தரி; கட்டைவிரலைத் தாண்டினால் கை ரம்பம். கத்தரியால் நசுக்கிய கட்டை, நசுங்கிய இடத்திலிருந்து பின்னோக்கிக் காயும்.

திருவிழா தள்ளிப்போய், அது முடிவதற்குள் கத்திரி வெயில் பிறந்துவிட்டால் பெரிய வெட்டு வேண்டாம். அதுவரை இலை நிழலில் இருந்த தண்டு திடீரென்று வெயிலில் பட்டால் தோல் வெடிக்கும். விட்டுப்போனதை ஆடி முதல் வாரத்தில் வெட்டிக்கொள்ளலாம். ஆவணி பிறந்த பிறகு கத்தரியைத் தொடாதீர்கள். வழியை மறிக்கும் ஒரு கிளை, பக்கத்து வீட்டுக்குள் நீளும் ஒரு கிளை, அவ்வளவுதான் விதிவிலக்கு.

பல வருஷம் கவனிக்காமல் கிடந்து, மேலே ஒரு பரண் மாதிரி குவிந்துபோன கொடியையும் மீட்கலாம். ஒரே வருஷத்தில் மொத்தமாக வெட்டாமல், பெரிய கிளைகளில் மூன்றில் ஒரு பங்கு வீதம், மூன்று சித்திரையில் மாற்றுங்கள். மொத்தமாக வெட்டினாலும் துளிர்க்கும். ஆனால் வருகிற துளிர் எல்லாம் வாளிப்பாகப் பத்தடி ஓடி, அந்த வருஷம் பூவே இருக்காது.

பந்தல் போட இடமில்லாதவர்கள் இதைப் புதராகவே வளர்க்கலாம். ஒரு தண்டை மட்டும் ஆறடிக் கம்பத்தோடு கட்டி நிறுத்தி, ஒவ்வொரு சித்திரையிலும் தலையை இரண்டடிக்குக் குறைத்தால் குடை விரித்த சின்ன மரம் மாதிரி நிற்கும். தெருவாசலுக்கு இது ரொம்பப் பொருத்தம். ஆடி, ஆவணியில் நீண்டு ஓடும் சாட்டைக் கிளைகளை மட்டும் முளைக்கும்போதே கிள்ளிவர வேண்டும். மாடியில் தொட்டி என்றால் இருநூறு லிட்டர் டிரம்மைப் பாதியாக அறுத்தது குறைந்த அளவு. சிமென்ட் தொட்டியில் வைத்துவிட்டுப் பந்தல் நிறையப் பூ எதிர்பார்ப்பது நியாயமில்லை.

தண்ணீரும் உரமும்

முதல் வருஷம் கோடையில் இரண்டு நாளைக்கு ஒரு முறை, பதினைந்து லிட்டர். மூன்றாம் வருஷத்திலிருந்து வாரம் ஒரு முறை நன்றாக நனைத்தால் போதும். மேலே ஓலையோ சருகோ நான்கு விரல் கனத்துக்கு மூடாக்கு. மழை நின்ற பிறகு மார்கழியில் தண்ணீரைக் குறைத்துக்கொள்ளுங்கள். அந்த மாதம் விடாமல் ஊற்றினால் கொடி துளிர் விட்டுக்கொண்டே போகும், மொட்டுப் பக்கம் வராது. மொட்டுக்கொத்து தலைகாட்டியதும் மறுபடி பழைய கணக்கு.

பூ வராததற்கு இன்னொரு காரணம் உரம். கோழி எருவையும் யூரியாவையும் அள்ளிப் போட்டால் இலை அகலும், கொடி ஓடும், பூ குறையும். வருஷத்துக்கு ஒரே தடவை, கவாத்துக்குப் பிறகு ஆடி மழை பெய்ததும், தொழு உரம் ஐந்து கிலோ, எலும்புத்தூள் கால் கிலோ போதும்.

போர் தண்ணீர்தான் நம் ஊரில் பெரிய தலைவலி. உப்புத் தண்ணீர் தொடர்ந்து போனால் இலை ஓரம் பழுப்பாகக் கருகும். சுண்ணாம்பு அதிகமுள்ள மண்ணில் நரம்பு பச்சையாக இருக்க, இடையில் இளம் இலை மஞ்சளாகும். முதலாவதற்கு மருந்து கிடையாது. மழைத் தண்ணீரைக் கூரையிலிருந்து குழிக்குத் திருப்பிவிட்டு உப்பைக் கழுவி இறக்க வேண்டும். இரண்டாவது இரும்புச் சத்துக் குறை. மல்லித் தோட்டத்தில் செய்வதேதான்: அன்னபேதி (ஃபெரஸ் சல்பேட்) லிட்டருக்கு ஐந்து கிராம் கரைத்து, இலையின் இரண்டு பக்கமும் நனைய, பதினைந்து நாளைக்கு ஒரு முறை, தளிர் பச்சையாகும் வரை. வெயில் தாழ்ந்து தெளியுங்கள்.

பூச்சித் தொல்லை அதிகமில்லை. மாவுப்பூச்சியும் செதில்பூச்சியும் காற்றோட்டம் இல்லாத குவியலுக்குள் சேரும். எறும்பு வரிசை ஏறினால் மேலே அது இருக்கிறது என்று அர்த்தம். குவியலைத் திறந்துவிட்டு, லிட்டருக்கு ஐந்து மில்லி வேப்பெண்ணெய், கொஞ்சம் காதி சோப்புக் கரைசல். தளிர் இலையைச் சுருட்டிக்கொண்டு உள்ளே தின்னும் புழுக்களைப் பார்த்தால் பதற வேண்டாம். தடித்த உடம்போடு விருட்டென்று பாய்கிற பட்டாம்பூச்சி இனத்தின் பிள்ளைகள் அவை. பத்து இலை போனால் இந்தக் கொடிக்கு ஒன்றும் ஆகாது, விட்டுவிடுங்கள்.

பதியன்

குச்சி ஊன்றினால் தேறுவது குறைவு. விண்பதியன் நம்பகமானது, ஆடி முதல் புரட்டாசிக்குள் போட வேண்டும். ஒரு வருஷம் முற்றிய, பென்சிலைவிடச் சற்றுப் பருமனான கிளையில், நுனியிலிருந்து ஒன்றரை அடி உள்ளே, ஒரு இஞ்ச் அகலத்துக்குத் தோலை வளையமாக எடுங்கள். தோல் போன பிறகும் கட்டைமேல் வழவழவென்று ஒரு படலம் இருக்கும். கத்தி முதுகால் அதைச் சுரண்டி, கட்டை வறண்டு தெரியும்படி செய்ய வேண்டும். பதியன் தோற்பது பெரும்பாலும் இங்கேதான்: அந்தப் படலம் மிச்சமிருந்தால் மேலும் கீழும் தோல் ஒட்டிக்கொண்டு ஆறிவிடும், வேர் விடாது. மேல் விளிம்பில் வேரூக்கி மாவு தடவி, நனைத்துப் பிழிந்த தேங்காய் நார்க்கழிவை ஒரு கைப்பிடி வைத்து, பாலித்தீன் தாளால் சுற்றி இரண்டு முனையையும் இறுக்கிக் கட்டவும். பிழிந்தால் சொட்டாத ஈரம் இருக்க வேண்டும், சொட்டினால் அழுகும். இரண்டு, மூன்று மாதத்தில் தாளுக்குள் வேர் தெரியும். உடனே அறுக்காமல், கீழ்ப்பக்கம் பாதி ஆழம் மட்டும் வெட்டிவிட்டு, பத்து நாள் கழித்து முழுக்க அறுத்து, பையில் வைத்து ஒரு மாதம் நிழலில் தேற்றுங்கள். தரையை ஒட்டி ஓடும் கிளை இருந்தால் இவ்வளவு பாடும் வேண்டாம். கணுவில் தோலைச் சீவி மண்ணில் அமுக்கி ஒரு கல்லை வைத்தால் போதும். பதியன் கன்று பொதுவாக விதைக் கன்றைவிடச் சீக்கிரம் பூக்கும்.

விதையிலும் வரும். பூ உதிர்ந்த பிறகு மூன்று இறக்கை வைத்த காய் பிடிக்கும், நடு இறக்கை நீளம், பக்க இறக்கைகள் குட்டை. சித்திரை, வைகாசியில் காய்ந்து பழுப்பானதும் காற்றில் சுழன்றுகொண்டே இறங்கும். ஹிப்டேஜ் என்ற பெயரே பறப்பதைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லிலிருந்து வந்தது. இறக்கையை ஒடித்து, ஒரு ராத்திரி ஊறவைத்து, அந்த வருஷ விதையை அந்த வருஷமே போட வேண்டும்.

விதை வேண்டாதவர்கள் பச்சையாக இருக்கும்போதே காய்க்கொத்தைக் கழித்துவிடலாம், சித்திரைக் கவாத்தில் அது தானாகவே நடந்துவிடும். வெளிநாட்டுச் சொந்தக்காரர்கள் கேட்டால் மட்டும் ஒரு விதைகூடக் கொடுத்தனுப்பாதீர்கள். மொரீஷியஸிலும் ரீயூனியனிலும் தோட்டத்துக்குக் கொண்டுபோன குருக்கத்தி வேலி தாண்டி, அங்குள்ள காடுகளை மூடிக்கொண்டு நிற்கிறது. ஹவாயிலும் ஆஸ்திரேலியாவிலும் அதே கதை. உலகின் மிக மோசமான நூறு ஆக்கிரமிப்பு உயிரினங்களின் பட்டியலில் இதன் பெயர் இருக்கிறது. அங்கே இருக்கும் நம் ஆட்கள் ஊர் ஞாபகமாகக் கேட்பார்கள்; அந்தந்த மண்ணின் கொடியை வைக்கச் சொல்லுங்கள்.